கலைச்சொல்: ‘பாதுகாக்கப்பட்ட மரம்’ வேண்டாம், ‘மருந்தேற்றிய மரம்’ என்போம்

குழுவினருக்கு வணக்கம்.

நீர்த்தேக்கக் கரைகளில் படகுத்துறை அமைக்கும் கையேட்டுக்காக டீச்சர் தொகுத்து அனுப்பிய சொற்பட்டியலை வாசித்தேன். பெரும்பாலான சொற்களில் எனக்கு மறுப்பில்லை. உக்காமல் இருக்க இரசாயனம் செலுத்திய மரத்துக்கு வைத்திருக்கும் ‘பாதுகாக்கப்பட்ட மரம்’ என்ற ஒன்றை மட்டும் அச்சுக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் கொஞ்சம் நீளமானது, பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் படகுத்துறையின் பெயரை முடித்துவிடுவோம். சென்னை நண்பர் ‘படகணை மேடை’ என்று முன்மொழிந்திருக்கிறார். அழகான சொல்தான். ஆனால் இலங்கையில் இதற்குப் புதுச்சொல் தேவையில்லை. நயினாதீவுக்குப் போகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில்தான் படகு ஏறுகிறார்கள், செய்திகளிலும் அந்தச் சொல்தான் வருகிறது. நீர்மட்டத்தோடு சேர்ந்து உயர்ந்து தாழும் வகைக்கு ‘மிதவை இறங்குதுறை’ போதும். ‘மிதவைப்பாதை’ என்று மட்டும் எழுத வேண்டாம். கிழக்கில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவை. மட்டக்களப்பு வாசகர் குழம்பிப்போவார்.

நுவரெலியா கிரகரி வாவி போல நீர்மட்டம் அதிகம் மாறாத இடத்தில் தூண் நட்டு நிலையான துறை கட்டலாம். காசல்ரீயும் மவுசாகலையும் அப்படியல்ல. மின் உற்பத்திக்காகத் தண்ணீர் எடுக்கப்படும் தேக்கங்கள் அவை. வறட்சியில் மவுசாகலை வற்றும்போது, 1960களில் அணைக்காகக் கைவிடப்பட்ட பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் வெளியே தெரியும். அங்கே நிலையான துறை கட்டினால் பங்குனியில் அது சேற்றுக்கு மேல் நிற்கும், மழைக்காலத்தில் மூழ்கிக் கிடக்கும். ஆகவே கையேடு மிதவை வகைக்கு அதிக இடம் கொடுத்திருப்பது சரி.

மிதவைக்குரிய பொருள் பற்றி யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதிய பகுதி தெளிவாக இருக்கிறது. 200 லீட்டர் நீலப் பெரல் ஒன்று முழுதாக அமிழும்போது தன் எடை போக ஏறத்தாழ 190 கிலோ தாங்கும், ஆனால் பாதி அமிழ்ந்த நிலையை வைத்தே துறையைத் திட்டமிட வேண்டும் என்கிறார். அதோடு இரண்டு வரி சேர்க்க வேண்டும். பெரலுக்குள் முன்பு என்ன இருந்தது என்று விசாரிக்காமல் வாங்கக்கூடாது. திறந்த ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டுகளை அடியில் கட்டக்கூடாது. அது மணிமணியாக உதிர்ந்து கரையெல்லாம் ஒதுங்கும், மீன் வயிற்றுக்கும் போகும்.

இனி மரத்துக்கு வருகிறேன்.

தண்ணீரில் கிடப்பதால்தான் மரம் உக்குகிறது என்று நினைக்கிறோம். முழுதாக நீருக்குள் இருக்கும் மரத்துக்குக் காற்றுக் கிடைக்காது, காற்றில்லாமல் பூஞ்சை வளராது. நனைவதும் காற்றுப் படுவதும் ஒன்றாக நடக்கும் இடம்தான் உக்கும். நீர்மட்டக் கோடு, பலகையின் அடிப்பக்கம், ஆணித் துளை, இரண்டு பலகை பொருந்தும் இடுக்கு ஆகியவை அப்படிப்பட்ட இடங்கள். மரத்தின் ஈரப்பதம் 20 வீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது என்பது பொதுவான கணக்கு. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவமழையிலும் மூடுபனியிலும் கிடக்கும் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் எந்தப் பலகை அந்த அளவுக்குக் காயும்? கடலில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு நம் நன்னீரில் கிடையாது, அந்த அளவில் நிம்மதி. மற்றபடி மரத்துக்கு இது கடுமையான இடம்தான்.

தேயிலைத் தோட்டத்தில் கைக்கெட்டும் மரம் சவுக்கு, அதாவது சில்வர் ஓக். நிழல் மரமாக நின்றதை வெட்டினால் பலகை மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஈரத்தில் தாக்குப்பிடிக்காது. வைரம் பாய்ந்த தேக்கு நிற்கும், அதன் விலை தோட்டத்துச் சங்கங்களுக்குக் கட்டாது. அப்போதுதான் இரசாயனம் செலுத்திய பலகையைப் பற்றிப் பேச்சு வருகிறது.

அதைச் செய்யும் முறை இது. மரத்தை ஓர் இரும்பு உருளைக்குள் அடைத்து, மரத்தின் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கரைசலை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றுகிறார்கள். வெளிப்பக்கத்து வெள்ளை மரம் அதை நன்றாக உறிஞ்சும், நடுவிலுள்ள வைரம் உறிஞ்சாது. உலகம் முழுக்க நீண்டகாலம் புழங்கிய கரைசல் செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் சேர்ந்தது. அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டுப் பாவனைக்கான மரத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் வந்த கரைசல்களில் ஆசனிக் இல்லை, செம்பு கூடுதல். செம்பு மீனுக்கும் நீர்ப்பூச்சிகளுக்கும் கேடு. அலுமினியத்தையும் மெல்லிய நாகப்பூச்சு ஆணியையும் அது அரித்துவிடும். பழைய ரயில்வே சிலிப்பர் கட்டையில் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியிருக்கிறது, அது புற்றுநோய் தரக்கூடியது. ரயில் பாதையோரத்து ஊர்களில் அந்தக் கட்டை படிக்கட்டாகவும் வேலிக்காலாகவும் நிற்பதால், துறைக்கும் அதையே போடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார். கையேடு அதைத் தெளிவாக மறுக்க வேண்டும்.

நான் அஞ்சுவது வேலை முடிந்த அடுத்த நாளைப் பற்றி. துறை கட்டி முடிந்ததும் துண்டுப் பலகை மிஞ்சும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் துண்டுப் பலகை எங்கே போகும்? அடுப்புக்குத்தான். ஆசனிக் எரிந்து அழிகிற பொருள் அல்ல. ஒரு பங்கு புகையோடு போகும், மீதி சாம்பலில் தங்கும். காற்றோட்டம் குறைந்த அந்தச் சின்னக் குசினியில் புகையை உள்ளிழுப்பது அம்மாமாரும் பிள்ளைகளும். சாம்பல் சட்டி துலக்கவும் கீரைப் பாத்திக்கும் போகிறது. கரைசல் தரும் பச்சை நிறம் பார்த்து ஒதுக்கிவிடலாம் என்றால், வெயிலிலும் மழையிலும் அந்தப் பச்சை மங்கி மற்றப் பலகைகளைப் போலவே சாம்பல் நிறமாகிவிடும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றைப் பெயர்தான் காட்டிக்கொடுக்க வேண்டும்.

அந்தப் பெயர் ‘பாதுகாக்கப்பட்ட மரம்’ என்று இருந்தால் வாசிக்கிறவர் என்ன எண்ணுவார்? நல்ல மரம், பயமில்லாத மரம் என்றுதான். பாதுகாப்புக் கிடைத்தது பலகைக்கு, அடுப்படியில் நிற்பவருக்கு அல்ல. டீச்சர் மாற்றாகக் குறித்திருக்கும் ‘பதப்படுத்திய மரம்’ இன்னும் மென்மையானது. பதப்படுத்திய மீன், பதப்படுத்திய பழம் என்று உண்ணும் பொருளுக்குப் பழகிய சொல் அது.

‘மருந்தேற்றிய மரம்’ என்று வைப்போம். தோட்டத்தில் மருந்து என்ற சொல்லுக்குள்ளேயே எச்சரிக்கை இருக்கிறது. மருந்தடிக்கும் நாளில் அந்த மலைப்பக்கம் பிள்ளைகளை விடமாட்டார்கள். மருந்துப் போத்தலை எட்டாத உயரத்தில் வைப்பார்கள். மருந்தடித்த கையைக் கழுவாமல் சோற்றில் வைக்கமாட்டார்கள். தச்சுவேலை பாஸ்மாரும் ‘மருந்து போட்ட பலகை’ என்றுதான் சொல்கிறார்கள். நாம் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை, அவர்கள் வாயில் இருப்பதைக் கொஞ்சம் ஒழுங்காக்கினால் போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. கரைசலை உள்ளே செலுத்துவது மருந்தேற்றம் என்றால், அது மரத்திலிருந்து சிறிது சிறிதாக நீருக்குள் கசிந்து போவதை ‘மருந்திறக்கம்’ எனலாம். கொதிநீரில் தேயிலைச் சாயம் இறங்குவது போல நடப்பதுதானே அது. பட்டியலில் இருக்கும் ‘வேதிக்கசிவு’ தொழிற்சாலைக் குழாய் வெடித்த செய்தி போலத் தொனிக்கிறது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் இறங்குவது அங்கேயே நின்றுவிடாது. இரண்டு தேக்கங்களின் தண்ணீரும் களனி கங்கைக்குப் போகிறது, அம்பத்தளையில் அந்தக் கங்கையிலிருந்துதான் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். மருந்திறக்கம் என்ற சொல்லுக்குக் கையேட்டில் தனிப்பத்தி தர வேண்டும்.

அன்புடன்,
மஸ்கெலியாவிலிருந்து

*

தம்பிக்கு,

அடுப்பைப் பற்றி எழுதியதை வாசித்த பின் ‘பாதுகாக்கப்பட்ட’ என்பதை எடுத்துவிட்டேன். அதில் இனிப் பேச்சில்லை. ‘மருந்திறக்கம்’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஆனால் ‘மருந்தேற்றிய’ என்பதில் தயக்கம் உண்டு. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளுக்கு மருந்து என்றால் முதலில் ஆஸ்பத்திரி மருந்துதான். நோயாளிக்கு மருந்து ஏற்றுவதாகவும் சொல்கிறோம். தோட்டத்துக்கு வெளியே வளர்ந்த பிள்ளை இதை வாசித்தால் மரத்துக்கு வைத்தியம் பார்த்ததாக நினைக்காதா? எச்சரிக்கைதான் நோக்கம் என்றால் ‘நஞ்சூட்டிய மரம்’ என்று நேரடியாகச் சொல்லலாமே. அண்ணனும் கருத்துச் சொல்லட்டும்.

டீச்சர்

*

டீச்சருக்கும் தம்பிக்கும் வணக்கம்.

‘பாதுகாக்கப்பட்ட மரம்’ நான் கொடுத்த சொல். அலுவலக ஆவணங்களில் பழகியது. இந்தக் கையேட்டுக்கு அது ஆகாது என்பதை ஏற்கிறேன்.

‘நஞ்சூட்டிய மரம்’ எனக்குச் சரிப்படவில்லை. நீருக்கு மேலே, கையும் காலும் அதிகம் படாத இடத்தில் இப்படிப்பட்ட மரத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது. நஞ்சு என்று பெயரிட்டால் ஆலைக்காரர் அந்த முத்திரையைப் பலகையில் குத்தமாட்டார், கடைக்காரர் பற்றுச்சீட்டில் எழுதமாட்டார். முத்திரையில் ஏறாத கலைச்சொல்லால் அடுப்படிக்கு ஒரு பயனுமில்லை. வடக்கிலும் வெங்காயத்துக்கு மருந்தடிப்பது என்றுதான் சொல்வோம், ஆகவே சொல் மலையகத்துக்குள் மட்டும் நிற்காது. ஒரு நிபந்தனை: எந்த மருந்து என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ‘செம்பு மருந்தேற்றிய மரம்’, ‘ஆசனிக் மருந்தேற்றிய மரம்’ என்று வந்தால் டீச்சர் சொல்லும் ஆஸ்பத்திரிக் குழப்பமும் தீரும்.

வேறொன்று. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். மிதக்கும் எதைக் கட்டினாலும் அது எத்தனை பேரைத் தாங்கும் என்று அதன்மேலேயே எழுதியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு ‘தாங்கெடை’ என்ற சொல்லைச் சேர்க்கக் கேட்கிறேன்.

*

அண்ணனுக்கும் டீச்சருக்கும் நன்றி.

மருந்தின் பெயரை முன்னால் போடுவது நல்ல திருத்தம். ஆசனிக் என்று பலகையிலேயே எழுதியிருந்தால் நஞ்சு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘தாங்கெடை’ உடனே சேர வேண்டும். எழுத்துத் தெரியாதவருக்கும் விளங்கும்படி ஆள் உருவங்களையும் பக்கத்தில் வரையச் சொல்லலாம்.

மிதிக்கும் தளத்தைப் பற்றி முன்பு நான் எழுதவில்லை. அங்கே மருந்தேற்றிய மரமே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. தோட்டத்தில் பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுவார்கள், துறையில் உட்கார்ந்து கை நனைப்பார்கள். அதோடு நம் மழைக்கு எந்தப் பலகையிலும் பாசி பிடிக்கும், பாசி பிடித்தால் வழுக்கும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகையைக் கொழும்புக் கடைகளில் இப்போது அதிகம் விற்கிறார்கள். உக்காது என்று சொல்லித் தருகிறார்கள். அதிலும் மேற்புறம் பாசி படரும், பாரம் தாங்கும் சட்டமாகவும் அதைப் போட முடியாது.

எனக்குப் பொருத்தமாகத் தெரிவது சூட்டு நாகப்பூச்சுப் பூசிய இரும்புச் சட்டம், அதன் மேல் மணல் ஒட்டிய ஃபைபர் தட்டு. கட்டங்கட்டமாகத் துளை இருப்பதால் தண்ணீர் நிற்காது, வெளிச்சமும் கீழே இறங்கும், ஈரத்திலும் கால் பிடிக்கும். விலை பலகையைவிடக் கூடத்தான். ஆனால் கரையோரமெங்கும் மீனவர்கள் ஃபைபர் வள்ளத்தைத் தாங்களே ஒட்டிப் பழுதுபார்க்கிறார்கள், அந்தக் கைவேலை நாட்டில் இருக்கிறது. வெட்டும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகமூடி கட்டாயம், அதையும் எழுத வேண்டும். துளைத் தட்டுக்கு ‘வலைத்தளம்’ என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை இணையம் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘கண்ணறைத் தட்டு’ என்று வைக்கலாம்.

மருந்தேற்றிய மரத்தைத் துறையில் எங்கேயாவது போட்டே ஆகவேண்டும் என்றால், கரைமேல் நிற்கும் கைப்பிடித் தூணின் அடிக்கட்டைக்கு மட்டும் போடலாம், அதுவும் ஆசனிக் இல்லாத வகையாகப் பார்த்து. அளவுக்கு வெட்டுவது கரையிலிருந்து தள்ளி, கீழே படங்கு விரித்து. மரத்தூளையும் துண்டையும் கூட்டி அள்ளி, கட்டுவித்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பட்டியலில் சேர்க்கும் விளக்கத்தை இப்படி எழுதியிருக்கிறேன், டீச்சர் திருத்தித் தரவும்:

மருந்தேற்றிய மரம்: பூஞ்சையும் பூச்சியும் அரிக்காதபடி இரசாயனக் கரைசலை அழுத்தத்தால் உள்ளே செலுத்திய மரம். மருந்தின் பெயரைச் சேர்த்தே எழுதுக. விறகாகப் பயன்படுத்தக் கூடாது. சாம்பலைப் பாத்திரத்துக்கோ பயிருக்கோ போடக் கூடாது. சாப்பாட்டு மேசை, ஆட்டுத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி மூடி செய்யக் கூடாது.

துறையை இடத்தில் பிடித்து வைக்கும் கொங்கிரீட் கட்டைக்குப் பட்டியலில் ‘நங்கூரம்’ என்றே இருக்கிறது. நங்கூரத்தைப் படகுக்காரர் தூக்குவார், இதை யாரும் தூக்கப்போவதில்லை. ‘பிடிகல்’ பொருந்துமா என்று அண்ணன் பார்த்துச் சொல்லவும்.