'வேகமானிப் பிழை' வேண்டாம், 'மிகைகாட்டல்' என்போம்

வணக்கம்.

வண்டியின் வேகமானி (ஸ்பீடோமீட்டர்) உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டுவதற்கு 'வேகமானிப் பிழை' என்ற கலைச்சொல்லை முன்மொழிந்திருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பிழை என்றால் தெரியாமல் நேர்வது. வெர்னியர் அளவியின் சுழிப்பிழையை (எதையும் அளக்காதபோதே சுழியில் நிற்காத பிழை) போலக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியது. இதுவோ வேண்டுமென்றே வைத்தது. ஐ.நா.வின் 39-ஆம் வாகன விதிமுறைப்படி வேகமானி ஒருபோதும் குறைத்துக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், புது மாடலுக்கு ஒப்புதல் தரும் சோதனையில், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. அதாவது 80-இல் ஓடும் காரில் முள் 92-இல் நின்றாலும் தேறிவிடும், 79-இல் நின்றால் தேறாது.

காரணம் டயர். வேகமானிக்குச் சாலை தெரியாது, சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். புதிதில் 8 மி.மீ. இருந்த டயர் பட்டன் (சாலையைத் தொடும் மேடு) 1.6 மி.மீ.க்குத் தேய்ந்தால் சக்கரம் சிறுத்து, அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றும், முள் ஏறத்தாழ 2 சதவீதம் மேலே போகும். பெரிய டயர் மாட்டினால் நேரெதிர். இத்தனைக்கும் இடம்விட்டுத்தான் முள்ளை மேலே தள்ளி வைக்கிறார்கள்.

போன மாதம் திண்டிவனம் தாண்டியதும் மைத்துனரின் காரில் முள் 100-ஐத் தொட்டது, மடியில் இருந்த போனில் ஜி.பி.எஸ். 94 என்றது. மீட்டர் கெட்டுவிட்டதா என்று அவர் பதறினார். எங்கள் பாட்டி சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே வைத்திருப்பார், பஸ்ஸைத் தவற விடக் கூடாதென்று. அதை வீட்டில் யாரும் பிழை என்றதில்லை. அதனால்தான் 'மிகைகாட்டல்' என்கிறேன். "இந்த மீட்டர் 6 கி.மீ. மிகைகாட்டுகிறது" என்று வினையாகவும் ஓடும்.

இதற்கு இணையாக இன்னொரு சொல்லும் வேண்டும். போலீஸ் வேகத்தை அளக்கும் ரேடார் துப்பாக்கி அலையை அனுப்பி, வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்க்கிறது (24.125 கிகாஹெர்ட்ஸ் கருவியில் 100 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ்). ஆனால் தன்னை நோக்கி வரும் வேகத்தைத்தான் அது காணும். ஓரத்தில் 20 டிகிரி சாய்ந்து நின்று பிடித்தால் 100 என்பது 94 ஆகிவிடும். நிலையான கேமராவில் கோணத்தை முன்பே பதிந்து ஈடுகட்டுவார்கள். கையில் பிடித்து அளக்கும்போது லாபம் ஓட்டுநருக்கு. இதைக் 'கோணக்குறைவு' எனலாமா? ஜெர்மனியில் கேமரா அளவிலிருந்து 100 வரை 3 கி.மீ.யும் அதற்கு மேல் 3 சதவீதமும் குறைத்துக்கொண்டுதான் அபராதம் போடுகிறார்கள்; அதற்குக் 'கழிவு' (தள்ளுபடி) என்ற கடைவீதிச் சொல்லே போதும்.

அப்புறம், இலங்கைப் பாடநூல்களில் 'கதி' (speed) என்பதைத்தான் நாம் வேகம் என்கிறோம், நமது திசைவேகம் (velocity) அங்கே 'வேகம்'. 'வேகமானிப் பிழை' என்று வைத்தால் அந்தச் சிக்கலும் கூடவே வரும். 'மிகைகாட்டல்' என்பதில் வேகம் என்ற சொல்லே இல்லை, இரண்டு பக்கமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.