பள்ளியில் கவுன்சலிங்: இன்னும் உறுத்தும் ஒரு சந்திப்பு இருந்தால் எழுதுங்கள்

கரும்பலகை:
2014. நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்லும் நடமாடும் வண்டி வந்தது. மாநிலம் முழுவதற்கும் பத்தே வண்டிகள் இருந்த காலம். அதைக் கொடிக்கம்பத்துக்கு எதிரே நிறுத்திவிட்டார்கள். யார் ஏறினாலும் ஐந்து வகுப்புகளின் சன்னல்களுக்கும் தெரியும். மூன்று பேர்தான் ஏறினார்கள். மாலை வண்டி கிளம்பியபோது என் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிப்போய் ஓட்டுநரிடம், "அண்ணா, மறுபடி எப்போது வருவீர்கள்?" என்றாள். "தெரியாதும்மா." திரும்பியவள் என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைத் திறந்து முகம் கழுவ ஆரம்பித்தாள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பெரியப்பா வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மொட்டைமாடி:
2019 பிளஸ் டூ முடிவு. இயற்பியல் போய்விட்டது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து 14417-க்கு, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணுக்கு, அழைத்தேன். ஆறுதல் சொல்வார்கள் என்று நினைத்தேன். அந்த அக்கா, "மதிப்பெண்களை வரிசையாக வாசி தம்பி" என்றார். ஐந்து பாடங்களுக்கும் "தேர்ச்சி, அடுத்தது" என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாவது வந்ததும் துணைத்தேர்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று சொன்னார். அவ்வளவுதான். அதற்குள் அம்மா மாடிப்படியில் நின்றிருந்தார், என்னைக் கூப்பிடாமல்.

கரும்பலகை டீச்சர், வருந்தாதீர்கள். ஆசிரியரிடம் சொன்னால் மறுநாளே ஓய்வறையில் டீயோடு சேர்த்துப் பேசுவார்கள். அவள் உங்களிடம் வந்திருக்கவே மாட்டாள்.

நாற்காலி இரண்டு:
மொட்டைமாடி தம்பி, எல்லா ஆசிரியர்களையும் ஒரே தராசில் போடாதீர்கள். ஒரு தனியார் பள்ளியில் ஆலோசகராக இருந்தவள் நான், உளறியது நான்தான். பத்தாம் வகுப்புப் பெண்ணிடம் "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று கையடித்துக் கொடுத்தேன். அவள் சொன்னது போக்சோவில், அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டத்தில், வரும் விஷயம். சொல்லியாக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு என் அறை வாசலைத் தாண்டும்போதெல்லாம் துப்பட்டாவை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போவாள்.

ஆகவே ஆலோசகர்களுக்குச் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். 2012-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே, "உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன், சொல்லும் முன் உன்னிடம் சொல்வேன்" என்று பேசிவிடுங்கள். நாற்காலிகளை எதிரெதிரே போடாதீர்கள், பக்கவாட்டில் போடுங்கள். கதவு பாதி திறந்திருக்கட்டும், சன்னலுக்குத் திரை இருக்கட்டும். மாணவர்கள் புகார்ச் சீட்டு போடும் 'மாணவர் மனசு' பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டினால் சீட்டு விழாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். அங்கேதான் யாரும் பார்க்காமல் மனப்பாடம் செய்ய முடியும்.

டீச்சர், அந்தப் பெண் உங்களிடம் ஜாடையாகவாவது ஏதும் சொன்னாளா?

கரும்பலகை:
இல்லை. குழாயை மூடச் சொன்னேன், தண்ணீர் வீணாகிறது என்று.