கிளையன்ட் கவுன்சிலிங், நெகோஷியேஷன், மீடியேஷன் போட்டிகளுக்குப் போனவர்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வைகைக்கரை வக்கீல் (இழையைத் தொடங்கியவர்):

சட்டக் கல்லூரியில் போட்டி என்றாலே மூட் கோர்ட்தான், அதாவது கற்பனை வழக்கை நீதிபதி முன் வாதாடுவதுதான், என்று ஆகிவிட்டது. மெமோரியல் (எழுத்து வாதம்) எழுதுவது எப்படி, நீதிபதி குறுக்கே கேள்வி கேட்டால் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தர எல்லாக் கல்லூரியிலும் நாலு சீனியர் இருப்பார்கள். கிளையன்ட் கவுன்சிலிங் (கட்சிக்காரருக்கு ஆலோசனை), நெகோஷியேஷன் (பேரம் பேசுதல்), மீடியேஷன் (நடுவர் ஒருவரை வைத்துச் சமரசம்) என்று கிளம்புகிற ஜூனியருக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. நான் இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் பிராக்டீஸ் செய்கிறேன். படிக்கும்போது மூட்டும் செய்தேன், கிளையன்ட் கவுன்சிலிங்கும் செய்தேன். சேம்பரில் தினமும் கைகொடுப்பது இரண்டாவதுதான், அதனால்தான் இதைத் தொடங்குகிறேன்.

கிளையன்ட் கவுன்சிலிங் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இரண்டு பேர் ஓர் அணி, இருவரும் ஒரே அலுவலகத்து வக்கீல்கள். முன்கூட்டியே ஒரு சின்னக் குறிப்பு வரும், "சொத்து விஷயமாக ஆலோசனை வேண்டும்" என்கிற அளவுக்குத்தான் இருக்கும். அப்புறம் கட்சிக்காரர் உள்ளே வருவார். அவர் நடிப்பவர். முழுக் கதையும் அவரிடம் மட்டும் எழுதித் தரப்பட்டிருக்கும், கூடவே எதைக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், எதை நம்பிக்கை வந்தபிறகு சொல்ல வேண்டும் என்ற குறிப்புகளும் இருக்கும். எல்லாம் சேர்த்து 45 நிமிடம். அதற்குள் பேசி முடித்து அவரை அனுப்பிவிட்டு, மிச்ச நேரத்தில் நீங்கள் இருவரும் வாய்விட்டுப் பேச வேண்டும்: என்ன தெரிந்தது, இன்னும் என்ன கேட்க வேண்டும், எந்தச் சட்டத்தைப் பார்க்க வேண்டும், அவர் எந்த மனநிலையில் போகிறார். நீதிபதிகள் அதற்கும் மார்க் போடுவார்கள். வழக்கு வருவதற்கு முன்பே தடுப்பதும் வக்கீல் வேலைதான் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த லூயிஸ் பிரவுன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1969இல் இதைத் தொடங்கினார். இன்றைய சர்வதேசப் போட்டிக்கு, மோஸ்டன் என்ற அமெரிக்க வக்கீல் பெயரும் சேர்த்து, பிரவுன்–மோஸ்டன் என்றுதான் பெயர்.

எங்களுக்கு வந்த ஒரு சுற்றைச் சொல்கிறேன். குறிப்பில் "உயில் எழுத வேண்டும்" என்று மட்டும் இருந்தது. வயதான அம்மா ஒருவர் வந்தார். நானும் என் இணையும் சொத்துப் பட்டியலைக் கேட்கவில்லை, "இப்போது உயில் எழுத வேண்டும் என்று ஏன் தோன்றியது, அம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தோம். அவர் வீட்டைப் பற்றிச் சொன்னார், மகளைப் பற்றிச் சொன்னார், வீட்டில் பாதி மகளுக்குப் போக வேண்டும் என்றார். பெரிய மகனைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என் இணை அதைக் கவனித்து மெதுவாகக் கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, போன மாதம் மகன் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனதும், ஏதோ கையெழுத்துப் போட்டதும் வெளியே வந்தது. அது செட்டில்மென்ட் பத்திரம். வீடு ஏற்கனவே மகன் பேருக்குப் போய்விட்டது, அந்த வீட்டுக்கு உயில் எழுதி ஒரு பயனும் இல்லை!

பல அணிகள் அழகாக உயில் சட்டம் விளக்கி அனுப்பிவைத்திருந்தார்கள், அந்தப் பத்திரம் அவர்கள் அறைக்குள் வரவே இல்லை.

அதற்கப்புறம்தான் சட்டம். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, 23ஆவது பிரிவு: பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளவில்லை என்றால், தீர்ப்பாயத்தில் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனை இருந்ததா என்பதுதான் சண்டையே, அதனால் பத்திர நகல் பார்க்காமல் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னோம். "தீர்ப்பாயம்" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது, மகன்மேல் கேஸ் போடமாட்டேன் என்றார். அங்கே நாங்கள் வற்புறுத்தவில்லை. கேஸ் இல்லாமல் என்னென்ன வழி இருக்கிறது, மகனைக் கூப்பிட்டுப் பேசுவதா, வீட்டுப் பெரியவர் யாரையாவது வைத்துப் பேசுவதா, சமரசத்துக்குப் போவதா என்று ஒவ்வொன்றாக வைத்தோம், முடிவை அவரிடமே விட்டோம். நீதிபதிகளில் ஒருவர் மனநல ஆலோசகர். அந்த இடத்தைத்தான் அவர் தனியாகக் குறிப்பிட்டுப் பேசினார்.

இன்றைக்கும் என் மேசைக்கு வருகிறவர்கள் முக்கியமானதை எழுந்து செருப்பு மாட்டும்போதுதான் சொல்கிறார்கள். கேட்கிற கேள்வியில்தான் இருக்கிறது எல்லாம். சரி, நீங்கள் எழுதுங்கள்.

காவிரிக்கரை, ஐந்தாம் ஆண்டு:

அக்கா, நான் நெகோஷியேஷன் பக்கம். இதில் எதிரே இருப்பது இன்னொரு கல்லூரி அணி, நடுவில் யாரும் இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கதை ஒன்று, ஒவ்வொரு பக்கத்துக்கும் ரகசியத் தகவல் ஒன்று. உங்கள் கட்சிக்காரர் எதுவரை இறங்கிவரச் சொன்னார், எதைத் தொடவே கூடாது என்றார் என்பதெல்லாம் அந்த ரகசியத் தாளில் இருக்கும்.

நூல் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் தகராறு என்று ஒரு பிரச்சினை வந்தது. எதிர் அணி உட்கார்ந்ததிலிருந்து கிலோவுக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்ற ஒரே கேள்வியில் நின்றார்கள். நாங்கள் கம்பெனியின் ஏற்றுமதி தேதி எப்போது, எந்த ரக நூல் முதலில் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனோம். அவர்களுக்கு நூல் தேதிக்கு வர வேண்டும், மில் பக்கமான எங்களுக்குக் கையில் பணம் சீக்கிரம் வர வேண்டும். இது இரண்டும் மேசைக்கு வந்தபிறகு விலை பெரிய விஷயமாகவே இல்லை. ஒரு பங்கு முன்பணம், அதற்குத் தள்ளுபடி, வாராவாரம் டெலிவரி என்று பேச்சு தானாக நகர்ந்தது.

நடுவில் அவர்கள், "வேறு மில் இதைவிடக் குறைவாகத் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்திருக்கிறது" என்றார்கள். கதையில் அப்படி ஒன்றும் கிடையாது. தாளில் இல்லாத முக்கியமான தகவலைத் தன் பக்கம் லாபத்துக்காக இட்டுக்கட்டுவது விதிப்படி தவறு, மார்க் போய்விடும். நாங்கள் பொய் என்று கத்தவில்லை, "அந்த ஆஃபர் கடிதத்தைப் பார்க்கலாமா, எவ்வளவு அளவுக்கு, எந்தத் தேதிக்குள் தருகிறார்கள்?" என்று அமைதியாகக் கேட்டோம். அதற்குமேல் அந்த மில் பேச்சு வரவில்லை. ஜூனியர்கள் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும், நாளைக்கு நிஜக் கட்சிக்காரருக்காகப் பேசும்போது ஒரு பொய் பிடிபட்டால் அந்த ஊரில் உங்கள் பேச்சை அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள்.

ஒப்பந்தம் ஆகாவிட்டால் தோல்வி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கட்சிக்காரருக்குக் கையில் இருக்கிற மாற்று வழி, நாங்கள் BATNA (பேட்னா) என்று சொல்வது, அது மேசையில் இருப்பதைவிட நல்லதாக இருந்தால் எழுந்து வருவதுதான் சரியான வேலை. சுற்று முடிந்ததும் சுயமதிப்பீட்டுக்குப் பத்து நிமிடம் தருவார்கள். நாளைக்கே இதே மாதிரி ஒன்று வந்தால் எதை அப்படியே செய்வீர்கள், எதை மாற்றுவீர்கள் என்று கேட்பார்கள். எல்லாம் சிறப்பாகப் போனது என்று பாராட்டுரை வாசிக்கும் அணிகள் அங்கேதான் பின்தங்குகின்றன.

நெல்லை, மூன்றாண்டு படிப்பு:

படிக்கவே ஆசையாக இருக்கிறது. நான் பள்ளி, கல்லூரி எல்லாம் தமிழ் வழி. எங்கள் கல்லூரியில் இதற்கு கோச் கிடையாது, கேட்டால் மூட்டுக்கே பணம் இல்லை என்கிறார்கள். சட்டம் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் 45 நிமிடம் பேச வேண்டும் என்றால் பயமாக இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் போகலாமா?

கொங்கு மீடியேஷன்:

தாராளமாகப் போகலாம், கடைசியில் சொல்கிறேன். முதலில் மீடியேஷன் பற்றி.

போட்டிக்குப் போட்டி அமைப்பு மாறும், பதிவு செய்வதற்கு முன் விதிகளைப் படித்துவிடுங்கள். பாரிசில் 2006 முதல் பிப்ரவரியில் நடக்கிற ஐசிசி (சர்வதேச வர்த்தக சபை) போட்டியில் மாணவர்கள் கட்சிக்காரராகவும் வக்கீலாகவும் உட்காருவார்கள், மீடியேட்டராக இருப்பது தொழில்முறை ஆள். வியன்னாவில் 2015இல் தொடங்கிய சிடிஆர்சி என்ற நெகோஷியேஷன், மீடியேஷன் போட்டியில் மாணவர்களே மீடியேட்டராகவும் போட்டியிடலாம். நம் நாட்டில் பெங்களூரு தேசியச் சட்டக் கல்லூரியும், கோவாவில் சல்காவ்கர் சட்டக் கல்லூரியும் நடத்துகிறார்கள்.

நான் பெரும்பாலும் மீடியேட்டர் நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். தொடக்க உரையை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்: இது விருப்பத்தின் பேரில் நடப்பது, ரகசியம் காக்கப்படும், நான் யார் பக்கமும் இல்லை, தீர்ப்பு சொல்லமாட்டேன். அது சுலபம். கஷ்டம் அதற்கப்புறம் வரும். கூட்டுத் தொழில் செய்த அண்ணன் தம்பி தகராறு ஒன்றில் தம்பி, "இவன் என்னை ஏமாற்றிவிட்டான்" என்றான். அதை அப்படியே விட்டால் சண்டை, கண்டுகொள்ளாமல் கடந்தால் தம்பிக்கு அவமானம். "கணக்கு உங்களுக்கு முழுசாகக் காட்டப்படவில்லை என்பது உங்கள் வருத்தம், சரியா?" என்று திருப்பிச் சொன்னேன். தம்பி ஆமாம் என்றான், அண்ணனும் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது. ஏமாற்றினாயா என்ற கேள்விக்கு அந்த மேசையில் பதில் கிடையாது, கணக்கு காட்டுவது பற்றிப் பேச நிறைய இருந்தது.

இன்னொன்று தனி அமர்வு. ஒரு பக்கத்தை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசும்போது அவர்கள் மனம்விட்டுச் சொல்வதை எந்தக் காரணத்துக்காகவும் மறுபக்கம் கொண்டுபோகக் கூடாது, அனுமதி இல்லாமல். அறையை விட்டு வெளியேறுமுன், "இதில் எதை நான் அவரிடம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் சமமாகக் கொடுங்கள், அண்ணனிடம் இருபது நிமிடமும் தம்பியிடம் ஐந்து நிமிடமும் பேசினால் நடுநிலை என்று வாயால் சொன்னதற்கு அர்த்தம் இல்லை.

வக்கீல் வேடத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்சிக்காரரைப் பேச விடுங்கள். நம் ஊர் நீதிமன்றத்தில் வக்கீல் பேசுவார், கட்சிக்காரர் கை கட்டி நிற்பார். அந்தப் பழக்கத்தை மீடியேஷன் மேசைக்குக் கொண்டுவந்தால் உடனே தெரிந்துவிடும்.

நெல்லைத் தம்பி, ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் போதும். கேள்விகள் சின்னதாக இருப்பதே நல்லது.

பயிற்சி பெற்ற சமரசர், சென்னை:

பிள்ளைகளா, நான் இந்தப் போட்டிகளுக்கு மார்க் போட உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம்.

ஒன்று, உங்களில் பாதிப் பேர் எதிரே இருப்பவரிடம் பேசாமல் எங்களிடம் பேசுகிறீர்கள். மூட் பழக்கம். கண் அடிக்கடி நீதிபதி மேசைக்கு வருகிறது. நாங்கள் அறையில் இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, பாடம் பண்ணிய அனுதாபம். அழுகிற கட்சிக்காரரிடம் "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது" என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் பத்திர எண் கேட்பது. புரிகிறது என்று சொல்லவே வேண்டாம், தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இதை ஓரமான போட்டி என்று ஒதுக்குகிற ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். நீதிமன்றத்தோடு இணைந்த நாட்டின் முதல் சமரச மையம் 2005இல் நம் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் திறக்கப்பட்டது. வழக்குகளைச் சமரசம் போன்ற மாற்று வழிகளுக்கு அனுப்பும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு 2002 முதல் நடைமுறையில் இருக்கிறது. அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்கை, முதலில் மீடியேஷனுக்குப் போகாமல் தாக்கல் செய்யவே முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் உறுதியாகச் சொல்லிவிட்டது. 2023இல் மீடியேஷனுக்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்துகிற இந்திய பார் கவுன்சில் 2020–21 கல்வியாண்டிலிருந்து மீடியேஷனைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. பாடத்தில் இருப்பதைப் பயிற்சி செய்யப் பணம் இல்லை என்று ஒரு கல்லூரி சொல்வது நியாயமே இல்லை. அதைக் கடிதமாக எழுதி முதல்வரிடம் கொடுங்கள் தம்பி, வாயால் கேட்காதீர்கள்.

வைகைக்கரை வக்கீல்:

நன்றி சார், அந்தக் கண் விஷயத்தை எல்லோரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லைத் தம்பிக்கு: போங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதில் ஒரு பலம் இருக்கிறது, சாதாரண மனிதர்கள் எப்படிச் சுற்றி வளைத்துப் பேசுவார்கள், எதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பது உங்களுக்குப் பழக்கம். பயிற்சியைத் தமிழிலேயே தொடங்குங்கள். நண்பர் ஒருவரிடம் கதையை எழுதிக் கொடுங்கள், அதில் எதை மறைக்க வேண்டும் என்று அவரே தீர்மானிக்கட்டும், நீங்களும் உங்கள் இணையும் கேட்டு வெளியே கொண்டுவாருங்கள். செல்போனில் பதிவு செய்து, நீங்கள் எவ்வளவு நேரம் பேசினீர்கள், அவர் எவ்வளவு நேரம் பேசினார் என்று பாருங்கள். கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வருகிறவர்களிடம் மனு எழுதும் முன் பேசிப் பாருங்கள், அதைவிடப் பெரிய கோச் கிடையாது. சொன்னதை மட்டும் வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள், வக்கீல்–கட்சிக்காரர் ரகசியம் அங்கிருந்தே தொடங்குகிறது. ஆங்கிலத்துக்கு மாறுவது கடைசி வேலை, அதற்குள் கேள்விகள் மனதில் ஊறியிருக்கும்.

நான் எழுதி வைத்திருக்கும் கட்சிக்காரர் கதைகள் சில இருக்கின்றன, வாடகை, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை, சம்பள பாக்கி. ரகசியக் குறிப்போடு இங்கேயே போடுகிறேன். இணை கிடைத்ததும் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மாலை வீடியோ காலில் ஒரு சுற்று வைத்துக்கொள்வோம். கொங்கு மீடியேஷன், கட்சிக்காரராக நடிக்க உங்களுக்குச் சம்மதமா?