தாத்தாவுக்குப் பின்னால் நிற்பது டகோட்டாதானா?

கட்டபெட்டு_சிவா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு கோத்தகிரி பக்கம், கட்டபெட்டுக்குக் கீழே ஒரு ஹட்டி (படகர் ஊர்). தாத்தா விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். முன்னறையில் அவருடைய கறுப்பு வெள்ளை போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. பின்பக்க அட்டையில் "பூனா 1957" என்று பென்சிலில் எழுதியிருக்கிறது.

அவருக்குப் பின்னால் ஒரு விமானம் நிற்கிறது. டகோட்டா என்ற பழைய இரண்டு இன்ஜின் போக்குவரத்து விமானம் என்று நினைத்து வீட்டில் அதை "டகோட்டா போட்டோ" என்றுதான் சொல்வோம். தாத்தாவும் டகோட்டா இன்ஜினைப் பற்றி ஓயாமல் பேசுவாராம். ஆனால் நெட்டில் டகோட்டா படங்களைப் பார்த்தால் இது வேறு ஜாதியாகத் தெரிகிறது.

போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. செல்போனில் எடுத்தால் வெளிச்சம்தான் அடிக்கிறது. அதனால் எழுத்திலேயே சொல்கிறேன். இறக்கை உடம்பின் மேல்பாதியில் இருக்கிறது. தாத்தா அதற்கு அடியில் நிமிர்ந்து நிற்கிறார். தெரிகிற பக்கத்து இறக்கையில் இரண்டு இன்ஜின். வாலில் நேராக நிற்கும் தகடு இரண்டு, ஓரம் வளைந்து நீள்வட்டமாக. மூக்குக்கு அடியில் ஒரு சக்கரம். உடம்பில் வட்டத்துக்குள் வட்டமாக ஒரு அடையாளம். இது என்ன விமானம்? யாராவது சொல்ல முடியுமா?

குன்னூர்_பிரகாஷ்

நாலு இன்ஜின், இரட்டை வால் என்றால் லங்காஸ்டர். இல்லையென்றால் சூப்பர் கான்ஸ்டலேஷன்.

கேத்தி_ஃபிட்டர்

பிரகாஷ் தம்பி, அவசரப்படாதே. லங்காஸ்டருக்கு மூக்குச் சக்கரம் கிடையாது, வால் சக்கரம்தான். நம் விமானப்படையில் அது இருந்ததும் இல்லை. கான்ஸ்டலேஷனுக்கு வாலில் மூன்று தகடு, இறக்கையும் கீழே. ஏர் இந்தியா ஓட்டிய அந்த விமானங்கள் நம் படைக்கு வந்ததே அறுபதுகளில்தான்.

சிவா, உன் தாத்தாவுக்குப் பின்னால் நிற்பது லிபரேட்டர். பி-24 என்ற அமெரிக்க குண்டுவீச்சு விமானம். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 110 அடி. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் 18,000-க்கு மேல் செய்து தள்ளினார்கள். இன்னும் சந்தேகம் இருந்தால் இன்ஜின் மூடியின் வாயைப் பார். டகோட்டாவுக்கு அது சரியான வட்டம். லிபரேட்டருக்கு இரண்டு பக்கமும் காற்று போக வழி விட்டிருப்பதால் அகலவாட்டில் நீண்டு இருக்கும். குண்டு அறைக் கதவும் வெளியே திறக்காது, கடை ஷட்டர் மாதிரி சுருண்டு உடம்பின் பக்கவாட்டில் ஏறிக்கொள்ளும்.

அமெரிக்க குண்டுவீச்சு விமானம் 1957-இல் பூனாவில் எப்படி என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். போர்க்காலத்தில் அமெரிக்கா இவற்றைக் கடனாக பிரிட்டனுக்குக் கொடுத்தது. போர் முடிந்ததும் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் காசு கொடுக்க வேண்டும். அதனால் இந்தியாவில் இருந்ததையெல்லாம் கான்பூரில் கொண்டுபோய் நிறுத்தி, இனி யாரும் ஓட்ட முடியாதபடி பழுதாக்கிவிட்டுப் போனார்கள். இன்ஜினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள், காக்பிட் மீட்டர்களை அடித்து நொறுக்கினார்கள் என்று தாம்பரம் டிரெயினிங்கில் எங்கள் வாரண்ட் ஆபீசர் ஒருவர் கதை கதையாகச் சொல்வார். அவர் சொல்லும்போது கொஞ்சம் உப்பு காரம் கூடும், அது வேறு விஷயம்.

1948-இல் புதுசாக குண்டுவீச்சு விமானம் வாங்க நம்மிடம் வசதி இல்லை. பெங்களூர் எச்.ஏ.எல். விமானக் கம்பெனி ஆட்கள் கான்பூருக்குப் போய், அந்தக் குவியலில் இதிலிருந்து ஒன்று அதிலிருந்து ஒன்று என்று கழற்றி மாட்டி, ஒரு தடவை பறந்தால் போதும் என்கிற அளவுக்குத் தேற்றினார்கள். அந்த நிலையிலேயே ஜாம்ஷெட் முன்ஷி என்ற டெஸ்ட் பைலட் அவற்றை ஒவ்வொன்றாக பெங்களூருக்கு ஓட்டிவந்தார். முழு ஓவர்ஹால் எல்லாம் அதற்குப் பிறகுதான். என்னைக் கேட்டால் நம் விமானப்படை வரலாற்றில் சண்டைகளுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும். பைலட் பெயராவது எங்கோ அச்சில் இருக்கிறது. ஸ்பானர் பிடித்தவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 1948 நவம்பரில் 5-ஆம் ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) லிபரேட்டரோடு தொடங்கியது. பூனாவில் 6-ஆம் ஸ்குவாட்ரன் 1951-இல் வந்தது. அவர்களுக்குக் கடல் கண்காணிப்பு வேலை. உன் தாத்தா அங்கே இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 1968 கடைசி வரை ஓட்டிவிட்டுத்தான் விட்டார்கள்.

இனி டகோட்டா விஷயம். உன் தாத்தா சொன்னது பொய்யில்லை. டகோட்டாவில் இருப்பது பிராட் அண்ட் விட்னி டுவின் வாஸ்ப், 14 சிலிண்டர், 1,200 குதிரைசக்தி. லிபரேட்டரிலும் அதே குடும்பத்து இன்ஜின்தான், இரண்டுக்குப் பதில் நாலு. போர்க்காலத்திலேயே எச்.ஏ.எல்.லில் டகோட்டா ஓவர்ஹால் நடந்துகொண்டிருந்ததால் அந்த இன்ஜின் நம் ஆட்களுக்குக் கைவந்த வேலை. ஃபிட்டர் இன்ஜினைத்தான் பார்ப்பான், மேலே எந்த உடம்பு உட்கார்ந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்புறம்.

சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். நாலு இன்ஜினுக்கும் சேர்த்து 112 பிளக். இராத்திரி நிறுத்தி வைத்த விமானம் என்றால் காலையில் புரொப்பல்லரைக் கையால் சுற்ற வேண்டும். கீழ் சிலிண்டர்களில் ஆயில் இறங்கி நிற்கும். அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். நான் ஜெட் காலத்து ஆள். எனக்கு அந்த வேலை வாய்க்கவில்லை.

உடம்பில் ஒரு எண் இருக்கும், HE என்று தொடங்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல். வட்டத்துக்குள் ஆரம் ஆரமாகச் சக்கரம் தெரிகிறதா என்றும் பார். 1950-க்கு முன் கொஞ்ச காலம் அசோகச் சக்கரம் போட்டார்கள். வெறும் வட்டங்கள் என்றால் பென்சில் வருஷத்தோடு சரியாக ஒத்துப்போகும்.

ஊட்டி_மேரி

சிவா, போட்டோவைக் கண்ணாடியிலிருந்து பிய்க்க முயற்சி செய்யாதீர்கள். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் ஒட்டிய போட்டோ பிய்த்தால் முகத்தோடு வரும். எங்கள் வீட்டுக் கல்யாண போட்டோ ஒன்று அப்படித்தான் போனது. ஃபிரேமை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். வெளிச்சம் அடிக்காது. எடுத்த பிறகு கரி அடுப்பு இருக்கும் அறையில் மாட்ட வேண்டாம்.

தாத்தா எங்கெங்கே வேலை பார்த்தார் என்று தெரிய வேண்டுமானால் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பாட்டியின் பென்ஷன் ஆர்டரில் சர்வீஸ் நம்பர் இருக்கும். அதை வைத்து டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள விமானப்படை ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதலாம். எப்படி எழுதுவது என்று இங்கே ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கட்டபெட்டு_சிவா

ஐயா, அக்கா, ரொம்ப நன்றி. இன்ஜின் வாய் நீங்கள் சொன்ன மாதிரியேதான் அகலமாக இருக்கிறது. அசோகச் சக்கரம் இல்லை, வெறும் வட்டங்கள்தான். எண்ணில் H தெரிகிறது, அடுத்தது E மாதிரி இருக்கிறது. மீதியை ஒரு ஏணி மறைத்துக்கொண்டு நிற்கிறது. பாட்டியிடம் லிபரேட்டர் என்று சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது, லீவில் வந்தால் நகக்கண்ணில் கறுப்பு போகவே போகாது" என்றார்.

இப்போது ஒன்றை நேரில் பார்க்க முடியுமா ஐயா?

கேத்தி_ஃபிட்டர்

முடியும். டெல்லி பாலம் விமானப்படை மியூசியத்தில் ஒன்று நிற்கிறது. லண்டன் ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) மியூசியத்தில் இருப்பதும் நம் படையில் ஓடியதுதான். அமெரிக்காவில் அரிசோனாவுக்கும் ஒன்று போயிருக்கிறது. உலகத்தில் முழுசாக மிஞ்சிய லிபரேட்டர்களே கொஞ்சம். அதில் இத்தனை நம்முடையவை.

H, E தெரிந்தால் போதும், லிபரேட்டர்தான். ஸ்கேன் ஆனதும் இங்கே போடு, ஏணிக்குப் பக்கத்தில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். சர்வீஸ் நம்பரை மட்டும் பொதுவில் போட்டுவிடாதே.