கேம்பர் வேனுக்குத் தொட்டி இல்லாத கேஸ் கீசர் சரிப்படுமா?

சாலையோரம்:

வேனின் உள்வேலை பாதி முடிந்துவிட்டது. சமையல் மேடைக்கு அடியில் வெந்நீர் ஏற்பாட்டுக்கென்று ஓர் இடம் விட்டு வைத்திருக்கிறேன்; அகலம் 40 சென்டிமீட்டர், ஆழம் 35. அங்கே எது உட்காரப் போகிறது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. பத்து லிட்டர் தொட்டி கீசர் போதும் என்கிறார் மனைவி. எனக்கு, நீர் ஓடும்போதே சூடாக்கும் தொட்டி இல்லாத கீசர்மேல் கண். எடை குறைவு, சூடேறக் காத்திருக்க வேண்டாம், வெந்நீர் தீரவே தீராது என்கிறார்கள்.

நாங்கள் இருவர். தண்ணீர்த் தொட்டி 70 லிட்டர், 12 வோல்ட் பம்ப், பேட்டரி 200 ஆம்பியர்-மணி. மின்சாரத்தில் ஓடும் தொட்டியில்லாக் கீசரும் கைக்கடக்கமாகக் கிடைக்கிறதே, கேஸ் தொல்லையே இல்லாமல் அதை மாட்டினால் என்ன? வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். விற்பவர்களிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:

மின்சார யோசனையை இன்றைக்கே கைவிடுங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு, ஓடும்போதே ஏற்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய 7 கிலோவாட் தேவை. 12 வோல்ட்டில் அது 580 ஆம்பியர். இன்வெர்ட்டரில் போகும் இழப்பு தனி. கட்டைவிரல் தடிமனில் கேபிள் இழுத்தாலும், உங்கள் பேட்டரி காகிதக் கணக்கிலேயே இருபது நிமிடம்தான் தாங்கும். உண்மையில் அதற்கு முன்பே கையை விரித்துவிடும்.

உங்கள் மனைவி சொல்லும் தொட்டியில் 10 லிட்டரை 15இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற அரைக் கிலோவாட்-மணிக்குக் கொஞ்சம் மேலே போதும். அதையும் 300 வாட்டில் நிதானமாக ஏற்றலாம். தேவைப்படும் மொத்த வெப்பம் பெரிதல்ல, அதை ஒரே மூச்சில் கேட்பதுதான் சிக்கல்.

தகரக்கூடு:

மூன்று ஆண்டுகள் தொட்டியில்லாக் கேஸ் கீசரோடு குடித்தனம் நடத்தினேன். மாட்டியதும் நான்தான், கழற்றியதும் நான்தான். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"வெந்நீர் தீராது" என்பது வீட்டுக்குப் பொருந்தும் பேச்சு. வேனில் தீர்ந்துபோவது சூடு அல்ல, தண்ணீர். நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் உங்கள் 70 லிட்டர் பதினேழு நிமிடத்தில் காலி, மறுநாள் குடிக்க வைத்திருந்ததும் சேர்த்து. அதனால் வேனில் யாரும் நின்று நிதானமாகக் குளிப்பதில்லை. நனைந்தவுடன் மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து அலசுவதுதான் வழக்கம். இந்தக் கீசருக்கு ஆகாததும் அந்த மூடித் திறக்கும் வேலைதான்.

தலையில் நுரையோடு குழாயைத் திறக்கிறேன். குழாயில் மிச்சமிருந்த வெந்நீர் ஒரு கை அளவு வருகிறது. அதற்குள் சுவருக்கு அப்பால் டிக், டிக், டிக் என்று பொறி தட்டும் சத்தம். "புஸ்" என்று தீ பிடிப்பதற்குள் சூடு காணாத நீர் நேராக முதுகில் விழுகிறது. பின்னாலேயே கொதிக்கக் கொதிக்க ஓர் இழுப்பு. அதற்கப்புறம்தான் சமநிலை. சமநிலை வந்தவுடன் குளியல் முடிந்துவிடுகிறது, தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டுமே.

அடுத்தது கை கழுவுவது. ஒருநாள் அளவுக்குவளையை வைத்துப் பிடித்துப் பார்த்தேன்: கையில் வெதுவெதுப்பு தெரிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் 600 மில்லி வீண். பத்து முறை திறந்தால் ஒரு நாளைக்கு 6 லிட்டர் நல்ல தண்ணீர் கழிவுத் தொட்டிக்கு. கொஞ்ச நாள் அதைக் கெட்டிலில் பிடித்து வைத்தேன். பிறகு சலித்துப்போய்க் கைகளைக் குளிர்ந்த நீரிலேயே கழுவத் தொடங்கினேன். வெந்நீர்க் கருவி வாங்கி வைத்துக்கொண்டு!

பம்ப்பையும் கவனியுங்கள். 12 வோல்ட் பம்ப் அழுத்தம் ஏறினால் நிற்கும், இறங்கினால் ஓடும். குழாயைச் சிறிதாகத் திறந்தால் நீர் விட்டு விட்டு வரும். எங்கள் கீசருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டராவது ஓடினால்தான் தீ நிற்கும். ஆகவே தீ பிடிப்பதும் அணைவதுமாக ஒரே கண்ணாமூச்சி. பம்ப்புக்கு அடுத்து ஒரு சிறிய அழுத்தக் குடுவையை மாட்டிய பிறகு இது பெரிதும் அடங்கியது. உள்ளே ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர், அவ்வளவுதான். எந்தக் கீசர் வைத்தாலும் அதை வாங்குங்கள்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று கோடையில் வந்தது. தொட்டி நீரே 28 டிகிரி. எங்கள் பர்னரின் ஆகக் குறைந்த தீ 6 கிலோவாட். 2 லிட்டர் ஓட்டத்தில் அது 43 டிகிரி ஏற்றிவிடும். 71 டிகிரி நீரில் குளிக்க முடியுமா? குளிர்ந்த நீரைக் கலந்தேன். கலந்தால் கீசர் வழியே ஓடும் நீர் குறைகிறது, குறைந்தால் தீ அணைகிறது, அணைந்தால் பச்சைத் தண்ணீர். வெயில் காலத்தில் கீசர் இருந்தும் வெதுவெதுப்பாகக் குளிக்க முடியாத வேடிக்கையை அப்போதுதான் பார்த்தேன். மிகச் சிறிய தீக்கு இறங்கக்கூடிய பர்னரா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாரும் உச்ச அளவைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

கடைசியில் அதைக் கழற்ற வைத்தது உறைபனி. தண்ணீரை வடித்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் தூங்கினேன். செம்புச் சுருளின் அடி வளைவில் ஒரு வாய் நீர் நின்றிருக்கிறது. காலையில் பம்ப்பைப் போட்டதும் அலமாரிக்குள் தூறல். சுருளில் தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், நகத்தால் தடவினால்தான் தெரிகிறது. தவறு என்னுடையதுதான், வடிகால் வால்வை ஆகத் தாழ்ந்த இடத்தில் வைக்காமல் கை எட்டும் இடத்தில் வைத்திருந்தேன்.

இப்போது 10 லிட்டர் தொட்டி. 60 டிகிரியில் இருக்கும் அந்த 10 லிட்டரைக் கலந்தால் 40 டிகிரியில் 18 லிட்டர் கிடைக்கிறது. இருவர் சிக்கனமாகக் குளிக்க அது போதும். வண்டி ஓடும்போது, எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் நீரின் சூட்டிலேயே தொட்டி சுட்டுவிடுகிறது, கேஸும் இல்லை மின்சாரமும் இல்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கிறது என்று வெளியில் தொங்கவிடும் கையடக்கக் கீசரை வேனுக்குள் மாட்டாதீர்கள். அது உள்ளிருக்கும் காற்றை இழுத்து, புகையை உள்ளேயே விடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிய வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுத்து வெளியிலேயே புகைவிடும் மூடிய வகைதான் வேண்டும், கூடவே ஒரு எச்சரிக்கைக் கருவி. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே கேஸ் அலமாரியின் அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளை வேண்டும்.

நால்வர்வண்டி:

அக்கா சொன்ன குற்றங்கள் எல்லாம் உண்மை. ஆனாலும் நான் கட்சி மாற மாட்டேன். எங்கள் வண்டியில் நான்கு பேர், பெரும்பாலும் முகாம் மைதானத்தில் குழாய் இணைப்போடு நிற்கிறோம். பத்து லிட்டர் தொட்டி இருந்த காலத்தில் மூன்றாவதாகக் குளிப்பவர் யார் என்று தினமும் சண்டை; அவர் தொட்டி மறுபடி சூடாகும் வரை துண்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போது வரிசையாகப் போகிறோம். கேஸும் அப்படியொன்றும் குடிப்பதில்லை. 18 லிட்டர் குளியலுக்கு என் கணக்கில் 50 கிராம் அளவுதான், ஏனென்றால் யாரும் குளிக்காதபோது எதையும் சூடாக வைத்திருப்பதில்லை.

வீணாகும் தண்ணீருக்கு வழி: ஷவர் சுவருக்கு நேர் பின்னால் கீசரை வையுங்கள். எங்களுக்குக் குழாய் நீளம் ஒரு மீட்டர்கூட இல்லை. மலைப் பக்கம் போவீர்களென்றால் இரண்டு விஷயம்: உயரத்தில் காற்று மெலிந்து தீயின் வலு குறையும், சிலிண்டரில் புரோப்பேன் இருக்கட்டும். பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாவதையே நிறுத்திவிடும்.

சாலையோரம்:

எல்லாருக்கும் நன்றி. மின்சாரத்தை விட்டுவிட்டேன். நாங்கள் பெரும்பாலும் இணைப்பு எதுவும் இல்லாத இடங்களில்தான் நிற்போம். அக்கா, ஒரு சந்தேகம்: மூடிய வகைக்குப் புகைபோக்கி வெளிச்சுவரைத் துளைத்துத்தானே போக வேண்டும்? நான் விட்ட இடத்துக்குப் பின்னால் வெளிச்சுவர் இருக்கிறது. அதற்கு நேர் மேலே சமையலறை ஜன்னல்.

தகரக்கூடு:

திறக்கும் ஜன்னலா?

சாலையோரம்:

திறக்கும் ஜன்னல்தான்.

தகரக்கூடு:

அப்படியானால் அந்த இடத்தில் வேண்டாம். புகை மேலே ஏறி நேராக உள்ளே வரும். கீசரின் கையேட்டில் ஜன்னலிலிருந்து எவ்வளவு விலக வேண்டும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து இடம் மாற்றுங்கள். இல்லையென்றால் ஜன்னலை நிரந்தரமாக அடைக்க வேண்டியிருக்கும்.

சாலையோரம்:

ஜன்னல் மனைவி தேர்ந்தெடுத்தது. அதை அடைப்பது பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. எஞ்சின் சூட்டில் ஓடும் தொட்டிக்குக் குழாய் எந்த வழியாக இழுத்தீர்கள், படம் இருக்கிறதா?