கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா?

குமுளிக்காரன்:
எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) பையன் கம்பம் பஸ்ஸில் ஒரு பொட்டலத்தோடு மாட்டிக்கொண்டான். அவன் அம்மா ஏலக்காட்டு வேலையை விட்டுவிட்டு கோர்ட் வாசலில் நிற்கிறாள். 1985 போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா ஒரு கிலோ வரை சிறிய அளவுதான். அதற்கே ஓராண்டு வரை சிறை. அதே சட்டத்தில் வெறும் இலை கஞ்சா ஆகாது, வடக்கே அந்த இலையில் செய்யும் பாங்கை விற்கக் கடையே நடக்கிறது. இது என்ன நியாயம்? அனுமதித்துவிட்டால் என்ன?

போடிமெட்டு:
அண்ணே, பையனை விடலாம், சரக்கை விடக் கூடாது. என் தம்பி பள்ளிக்கூடத்திலேயே தொடங்கினான். இப்போது யாரோ காதில் பேசுகிறார்கள் என்று ராத்திரி முழுக்க விளக்கை அணைக்க விடுவதில்லை. கடையில் கிடைத்தால் அவனை யார் தடுப்பது?

தேவாரம்:
சரி, முதலில் அந்த அம்மாவிடம் அதே சட்டத்தின் 64ஏ பிரிவைச் சொல்லுங்கள். பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவு வழக்கில் தானாகவே அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சைக்குப் போனால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். வக்கீலை இன்றே பார்க்கச் சொல்லுங்கள்.