நோட்டு அட்டை ஆங்கிலத்துக்கு ஒரு சொல்

வணக்கம்.

ஜப்பானிய நோட்டு, பென்சில் டப்பா, பிஸ்கட் உறைகளில் வரும் விசித்திர ஆங்கிலத்தை 'எங்கிரிஷ்' என்கிறார்கள். ஜப்பானியர் நாவில் ர, ல இரண்டும் ஒன்றாகிவிடுவதைக் கேலி செய்து பிறந்த பெயர். அதை அப்படியே தமிழில் எழுதினால் கேலி போய்ச் சத்தம்தான் மிஞ்சும். 'கொச்சை ஆங்கிலம்' அல்லது 'பிழையாங்கிலம்' எனலாமா?

———

> 'கொச்சை ஆங்கிலம்' அல்லது 'பிழையாங்கிலம்' எனலாமா?

கொச்சை வேண்டாம். அது பேசிப் பேசித் தேய்ந்த மொழி; இதையோ யாரும் பேசுவதில்லை. பிழை என்பதிலும் சிக்கல் உண்டு. மூன்று வேறு சரக்கை ஒரே மூட்டையில் கட்டுகிறோம்.

முதலாவது, ஜப்பானியர் தங்கள் புழக்கத்துக்கே செய்துகொண்ட சொற்கள். லெட் போட்டு அழுத்தும் பென்சில் அங்கே 'ஷாப்பு பென்ஷிரு', சுருக்கமாக 'ஷாபென்'. 1915இல் ஹயகவா தொகுஜி செய்த பென்சிலோடு தொடங்கிய பெயர் அது. ஷார்ப் என்ற நிறுவனப் பெயரும் அதிலிருந்தே வந்தது. ஸ்டேப்ளர் 'ஹொச்சிகிசு', அமெரிக்கத் தயாரிப்பாளர் ஒருவரின் பெயர். நாம் ஜெராக்ஸ், ஸ்டெப்னி என்கிறோமே, அதே கதை. இவ்வகைக்கு அவர்களே வைத்திருக்கும் பெயர் 'வசே எய்கோ', ஜப்பானில் செய்த ஆங்கிலம். இதில் பிழை எங்கே?

இரண்டாவது, நிஜமான மொழிபெயர்ப்புத் தவறு. 'தபேமாஷிதா' என்றால் சாப்பிட்டேனா, சாப்பிட்டாயா, சாப்பிட்டார்களா, தெரியாது. தமிழிலும் எழுவாயை விடுகிறோம், ஆனால் வினைவிகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பானிய வினையில் அந்த விகுதி கிடையாது. ஆங்கிலத்துக்கு எழுவாய் கட்டாயம் என்பதால் மொழிபெயர்ப்பவர் ஊகித்து ஒன்றைப் போடுகிறார். ஊகம் தப்பினால் பிஸ்கட் ஆளைத் தின்னும். அடுத்து 'ஹயாமே நி'. உறை பிரித்தபின் சீக்கிரம் சாப்பிடுங்கள் என்று சொல்ல வரும் சொல். அதற்கு 'நேரத்தோடு, முன்னதாக' என்ற பொருளும் இருப்பதால், அகராதியின் முதல் பொருளை எடுத்தவர் 'பிரித்தபின் முன்கூட்டியே உண்ணவும்' என்று அச்சடித்துவிடுகிறார்.

மூன்றாவதுதான் நோட்டு அட்டை. கொகுயோ நிறுவனத்தின் கேம்பஸ் நோட்டு 1975 முதல் விற்பனையில் இருக்கிறது. அதன் அட்டையில் பொடி எழுத்தில் வந்த ஓர் ஆங்கில வரி: எழுதுவதற்கேற்ற, கோடு போட்ட, மிகச் சிறந்த ஃபூல்ஸ்கேப் தாள் கொண்டது என்று. ஃபூல்ஸ்கேப் சுமார் 8க்கு 13 அங்குலம். நோட்டோ 179க்கு 252 மி.மீ. தாளின் அளவுக்கும் வரிக்கும் ஒட்டே இல்லை, இருந்தும் ஒருவரும் கேட்கவில்லை. அந்த வரி படிப்பதற்காக அங்கே இல்லை. கோடுகளின் இடைவெளி 7 மி.மீ.யா 6 மி.மீ.யா என்பதுதான் வாங்குபவருக்கு வேண்டியது.

(நம் பரீட்சைத் தாள் 'ஃபுல்ஸ்கேப்'பும் இதே சொல்தான். பழைய தாளில் நீர்க்குறியாக இருந்த கோமாளிக் குல்லாயை நாம் 'ஃபுல்' ஆக்கிவிட்டோம்.)

———

> அந்த வரி படிப்பதற்காக அங்கே இல்லை

சரியாகப் பிடித்தீர்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. உணவு உறையில் மூலப்பொருள், காலாவதி நாள் எல்லாம் ஜப்பானிய மொழியில், 8 புள்ளிக்குக் (பாயிண்ட்) குறையாத எழுத்தில் இருக்கவேண்டும்; அச்சிடும் பரப்பு 150 சதுர செ.மீ.க்குள் என்றால் 5.5 புள்ளி போதும். முகப்பில் அழகுக்குப் போடும் ஆங்கிலம் வடிவமைப்பாளரின் விருப்பம்.

அச்சுக்கோப்பிலும் ஒரு கோளாறு உண்டு. ஜப்பானிய வரியை ஏறக்குறைய எந்த எழுத்திலும் மடிக்கலாம். ஆங்கிலத்தை முழு அகல எழுத்தில், அதாவது ஜப்பானிய எழுத்தின் அகலமே கொண்ட ரோமன் எழுத்தில், தட்டினால் மென்பொருள் அதையும் அப்படியே நடத்தி, சொல்லை நட்டநடுவில் ஒடித்து, ஒட்டுக்குறிகூட இல்லாமல் அடுத்த வரிக்குத் தள்ளும். எழுத்துகளும் இடைவெளி விட்டு, பல் விழுந்த வாய்போல நிற்கும்.

இனம் பிரிக்க எளிய வழி: பக்கத்தில் அதே செய்தி ஜப்பானிய மொழியில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மொழிபெயர்ப்பு. இல்லாவிட்டால் அழகுக்கு வைத்தது.

———

அப்படியானால் 'அலங்கார ஆங்கிலம்'? அவர்களுடைய 'சோஷோகு எய்கோ'வுக்கும் அதுதான் நேர்ப்பொருள்.

———

> 'அலங்கார ஆங்கிலம்'?

தமிழில் அலங்கார நடை என்றால் பகட்டாக எழுதுவது. படிப்பவர் மேடைப்பேச்சு ஆங்கிலம் என்று நினைப்பார். 'அணி ஆங்கிலம்' இலக்கணப் பாடத்துக்கு இழுத்துவிடும். என் வாக்கு 'ஒப்பனை ஆங்கில'த்துக்கு. முகத்தில் பூசுவது, அவ்வளவுதான். பேசுகிற வேலை அதற்கு இல்லை. மொழிப்பெயரை மாற்றியும் போடலாம்: சூப்பர்டிரை என்ற பிரிட்டிஷ் துணி நிறுவனம் 'அதீத உலர்த்தல் (செய்)' என்ற தொனியில் சட்டையில் போட்டுக்கொள்ளும் எழுத்துகள் 'ஒப்பனை ஜப்பானியம்'. 'எங்கிரிஷ்' இதற்கு வளையாது.

வசே எய்கோவுக்கு 'நாட்டு ஆங்கிலம்'. நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை வரிசையில் உட்காரும். மொழிபெயர்ப்புத் தவறுக்குப் புதுச் சொல் எதற்கு? அதைத் தவறு என்றே சொல்லலாம்.

———

'ஒப்பனை ஆங்கிலம்' எனக்கும் சம்மதம். புணர்த்தி 'ஒப்பனையாங்கிலம்' என்று எழுதவேண்டாம், தேடுபவருக்குக் கிடைக்காது. ஓர் ஐயம்: 1980இல் வந்த போகாரி ஸ்வெட் பானம் எதில் சேரும்? பெயரில் வியர்வை இருக்கிறதே.

———

நாட்டு ஆங்கிலத்தில். வியர்வையில் போன உப்பையும் நீரையும் ஈடுகட்டும் பானம் என்று பொருள் வைத்தே சூட்டிய பெயர் அது. ஒப்பனைக்குப் பொருள் வேண்டியதில்லை.